சேர்ந்து சிரிக்கிறோமா, பார்த்துச் சிரிக்கிறோமா?

(அணி: பார்த்தே சிரிக்கிறோம்)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! சேர்ந்து சிரிக்கிறோம், சேர்ந்து சிரிக்கிறோம் என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு செல்போனைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! அரங்கத்தில் நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் டி.வி.யில் ஒரு கண்ணும் வாட்ஸ்அப்பில் ஒரு கண்ணுமாக உட்கார்ந்திருக்கிற அன்பு நேயர்களே!

எனக்கு முன்னால் பேசிய தம்பி ரொம்ப நல்லாப் பேசினார். லாக்டவுன்ல வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தப்ப நம்ம மூச்சு முட்டாம காப்பாத்தினது இந்த மீம்ஸும் ஜோக்கும்தான்னு சொன்னார். நான் மறுக்கலைங்க. கபசுரக் குடிநீரும் குடிச்சோம், மீம்ஸும் பார்த்தோம். இரண்டில் எதைப் பார்த்து முகம் மலர்ந்தது என்று உங்களுக்கே தெரியும். (சிரிப்பு) ஆனால் நடுவர் அவர்களே, சிரிச்சோமா என்பது இன்றைய கேள்வி இல்லை. யாரோடு சிரிச்சோம், யாரைப் பார்த்துச் சிரிச்சோம் என்பதுதான் கேள்வி.

எங்க பெரியம்மா கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெரியம்மாவுக்கு வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. புதுசாக ஃபோன் வாங்கி, சொந்தக்காரர்கள் குரூப்பில் சேர்த்துவிட்டோம். சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு துக்கச் செய்தி வந்தது. பெரியப்பாவுடைய ஒன்றுவிட்ட அண்ணன் காலமாகிவிட்டார். எல்லோரும் 'ஆழ்ந்த இரங்கல்' போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்க பெரியம்மா போட்டாங்க பாருங்க, வரிசையாகப் பத்து முகம்! பத்தும் கண்ணில் தண்ணி வர வர விழுந்து விழுந்து சிரிக்கிற முகம்! (பலத்த சிரிப்பு) இறந்தவரின் மகன் உடனே ஃபோன் பண்ணி, "சித்தி, எங்க அப்பா செத்தது உங்களுக்கு அவ்வளவு சந்தோசமா?"ன்னு கேட்டுட்டார். பெரியம்மா அழுதுகிட்டே, "கண்ணுல தண்ணி வருதேப்பா, அழுவுற மூஞ்சின்னு நெனச்சேன்"னு சொன்னாங்க. அதோடு விடலை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து இழவு வீட்டுக்கே போய், அந்தப் பையன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாங்க. அவங்க முகத்தைப் பார்த்த பிறகுதான் அவன் சமாதானமானான்.

இந்தச் சிரிக்கிற முகம் சாதாரண முகம் இல்லைங்க. 2015-ம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். எழுத்தே இல்லாத ஒரு சொல்! அதை அனுப்புகிற நாம் எப்படி அனுப்புகிறோம்? உதடு கூட அசையாமல், கடுகடு என்று மூஞ்சியை வைத்துக்கொண்டு, கண்ணீர் தெறிக்கச் சிரிக்கிற முகத்தை அனுப்புகிறோம். (சிரிப்பு)

நடுவர்: ஏம்மா, நாங்க அனுப்பறதையும் பார்த்துக்கிட்டே இருக்கீங்களா?

நீங்க அனுப்பறதெல்லாம் 'காலை வணக்கம்'தான் அய்யா, பூப்படத்தோட! (சிரிப்பு, கைதட்டல்)

கம்ப்யூட்டரில் இந்தச் சிரிப்புக்குறி எப்படி வந்தது தெரியுமா? 1982-ம் வருஷம், செப்டம்பர் 19. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அங்கே உள்ளவர்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு அறிவிப்புப் பலகை வைத்துக்கொண்டு அதில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வார்கள். ஒருத்தர் விளையாட்டாக, லிஃப்டில் பாதரசம் சிந்திக் கிடக்கிறது என்கிற மாதிரி எச்சரிக்கை ஒன்றை எழுதிவிட்டார். சில பேர் அதை நிஜம் என்றே எடுத்துக்கொண்டார்கள். எது ஜோக், எது நிஜம் என்று எப்படிக் காட்டுவது என்று விவாதம் கிளம்பியது. அப்போது ஸ்காட் ஃபால்மன் என்கிற கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஒரு வழி சொன்னார். ஒரு முக்காற்புள்ளி, ஒரு சின்னக் கோடு, ஒரு அடைப்புக்குறி. தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கிற முகம். ஜோக் எழுதினால் பக்கத்தில் அதைப் போடுங்கள் என்றார். அங்கே இருந்ததெல்லாம் யாருங்க? கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவர்கள். அவர்களுக்கே அப்போதே புரிந்துவிட்டது, இந்தப் பெட்டிக்குள்ளே வார்த்தை போகுது, முகம் போகலை என்று. பிறகு 1999-ல் ஜப்பானில் ஷிகேடகா குரிடா என்பவர் செல்போனுக்காக 176 குட்டிப் படங்களை வரைந்தார். இன்றைக்கு ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எத்தனை முகம் வரைந்து என்ன? எதிரில் இருக்கிறவர் முகம் வாடுகிறதே, அது இன்னும் நம்ம ஃபோனுக்குத் தெரியவில்லை.

சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று நம்ம தொல்காப்பியர் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார். நகைக்கு நான்கு பிறப்பிடம் என்று சொல்கிறவர், முதலாவதாக எதை வைக்கிறார்? எள்ளலை! கேலியை! ஆக, அடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பது இணையம் கண்டுபிடித்த நோய் இல்லை. ஆதியிலிருந்து உள்ளதுதான். அந்தக் காலத்தில் எள்ளலுக்குப் பக்கத்தில் ஒரு வேலி இருந்தது. கேலி செய்யப்பட்டவர் எதிரிலேயே நின்றார். கோபம் வந்தால் திட்டினார், வருத்தம் வந்தால் கண் கலங்கினார். அதைப் பார்த்து நாம் நிறுத்தினோம். அந்த வேலியைத்தான் இப்போது பிடுங்கிவிட்டோம்.

எதிரணியின் பெரிய ஆயுதம் நேசமணி. அதை நான் தொடாமல் போனால் விடமாட்டார்கள். 2019 மே மாதக் கடைசி. ஃபேஸ்புக்கில் ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேர் என்று கேட்டிருந்தார்கள். நம்ம ஆள் ஒருத்தர் சுத்தியல்னு சொல்லிட்டுச் சும்மா போகலை. இது விழுந்துதான் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணிக்கு மண்டை உடைஞ்சதுன்னு சேர்த்து எழுதினார். 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு அவர்கள் போட்ட வேஷம் அது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சினிமாவில் விழுந்த சுத்தியலுக்கு, நேசமணி பிழைக்கணும்னு ஊரே பிரார்த்தனை பண்ணுச்சு! ட்விட்டரில் உலக அளவில் முன்னால் வந்தது. நானும் பிரார்த்தனை பண்ணினேங்க. (சிரிப்பு) உண்மையிலேயே அது சேர்ந்து சிரித்த சிரிப்பு. எதிரணிக்கு அந்த ஒரு மார்க்கை நானே கொடுத்துவிடுகிறேன்.

ஏன் அது இனித்தது? நேசமணி என்று ஒரு மனிதர் கிடையாது. அவருக்கு வீடு இல்லை, மனைவி மக்கள் இல்லை, மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை. அந்த முகத்தைக் கோணி, விழித்து, விழுந்து நடித்தாரே வடிவேலு, அவர் நம்மைச் சிரிக்கவைப்பதற்காகவே அதைச் செய்தார். அது அவருடைய தொழில். 2011-க்குப் பிறகு சில வருஷம் அவருக்குப் படங்கள் குறைந்துபோனபோது கூட அவரை ஒரு நாள்கூட மறக்கவிடாமல் வைத்திருந்தது இந்த மீம்ஸ்தான். தாராளமாகச் சிரிக்கலாம். சிரிக்கவைப்பதற்காக அவர் கொடுத்த முகம் அது.

கொடுக்காத முகத்தை எடுத்தால்? கனடாவில் 2002-ல் ஒரு பள்ளிக்கூடப் பையன், சினிமாவில் வருகிற மாதிரி ஒரு கோலைச் சுழற்றிச் சண்டை போட்டு, தன்னைத்தானே வீடியோ எடுத்தான். யாருக்கும் காட்ட இல்லை. அந்த டேப் கூடப் படித்தவர்கள் கையில் கிடைத்தது. 2003-ல் இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். யூடியூப் பிறக்க இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அப்போதே ஏராளமான பேர் பார்த்தார்கள். பையன் பள்ளிக்கூடத்துக்கே போக முடியாமல் போய், குடும்பம் கோர்ட் வரைக்கும் போனது. வீட்டில் தனியாக இருக்கும்போது நாம் எல்லோரும் ஒரு நாளாவது கண்ணாடி முன்னால் கம்பு சுற்றியவர்கள்தானே நடுவர் அவர்களே? நம்ம நல்ல நேரம், அப்போது கேமரா இல்லை.

கனடாவுக்கு ஏன் போகணும்? எங்க வீட்டுக்கே வாங்க.

எங்க அப்பா பஸ் கண்டக்டர். நத்தம் – திண்டுக்கல் ரூட்டில் வருஷக்கணக்காக ஓடினவர். அவர் ஏறினால் பஸ்ஸே கலகலன்னு இருக்கும். ஒரு தடவை ஒரு பாட்டி கூடையில் கோழியோடு ஏறியிருக்கிறார். "ஏ ஆத்தா, கோழிக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"ன்னு அப்பா கேட்டாராம். அந்தப் பாட்டி, "அது இன்னும் முட்டையே வைக்கலப்பா, அரை டிக்கெட்டே குடு"ன்னு சொன்னுச்சாம். (பலத்த சிரிப்பு) அப்பா ரிட்டயர் ஆகிற வரைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார், அந்தப் பாட்டிதான் ஜெயிச்சுச்சுன்னு.

இன்னொரு நாள் நடந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். ஒரு பொண்ணு பெரிய துணி மூட்டையோடு தனியாக ஏறியிருக்கிறாள். "என்னத்தா, அம்மா வீட்டுக்கா? திரும்பி வர்ற மாதிரி தெரியலையே"ன்னு அப்பா விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொண்ணு நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். அந்த முகத்தில் இருந்ததைப் பார்த்ததும் அப்பாவுக்கு வாய் கட்டிப்போச்சாம். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஸ்டாப் வரைக்கும் தன் வழுக்கைத் தலையை வைத்தே ஜோக் அடித்து, மொத்த பஸ்ஸையும் தன் பக்கம் திரும்பவைத்துவிட்டாராம், யாரும் அந்தப் பொண்ணைப் பார்க்கக் கூடாதுன்னு. அவருக்கு யாரும் மீம்ஸ் பாடம் நடத்தவில்லை. முகம் பார்க்கத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

இந்த அப்பாவைத்தான் நான்... (சிறிது இடைவெளி) நான்தாங்க. படம் எடுத்த கை இந்தக் கை.

2019 ஆவணியில் எங்க சித்தப்பா மகள் கல்யாணம். பந்தியில் அப்பா உட்கார்ந்திருந்தார். பாயசம் போய்க்கொண்டிருக்கிறது. அப்பா ஒரு கையைத் தூக்கி, வாயை முழுசாகத் திறந்து, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். கண்ணு பாதி மூடியிருக்கு, மீசையில் ஒரு பருக்கை. அந்த நொடியில் நான் க்ளிக் பண்ணிவிட்டேன். பார்த்ததும் எனக்கே சிரிப்பு தாங்கலை. வீட்டுக்கு வந்ததும் என் பையன், காலேஜ் படிக்கிறவன், அந்தப் படத்திலிருந்து தாத்தா தலையை மட்டும் வெட்டி எடுத்து, கீழே 'பக்கத்து இலைக்குப் பாயசம்!' என்று எழுதி ஒரு ஸ்டிக்கர் ஆக்கினான். வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகலை, அப்போது எல்லோருக்கும் அதுதான் விளையாட்டு. குடும்ப குரூப்பில் போட்டான். அடடா! மச்சான் சிரித்தார், சித்தப்பா சிரித்தார், சிங்கப்பூரில் இருக்கிற என் தம்பி சிரித்தான். யாருக்கு எது வேணும்னாலும் அப்பா முகம்தான். தீபாவளி போனஸ் கேட்க அப்பா முகம். லீவு கேட்க அப்பா முகம். அப்பாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவரிடம் அப்போது பட்டன் ஃபோன்தான்.

எதிரணித் தம்பி இப்ப சொல்வார்: "அக்கா, குடும்பமே சேர்ந்து சிரிச்சிருக்கீங்களே, இது எங்க கட்சி!" ஆமா தம்பி, குடும்பமே சேர்ந்துதான் சிரித்தோம். ஒருத்தரை வெளியில் நிறுத்திவிட்டு. (கைதட்டல்)

மீம் என்கிற வார்த்தையை 1976-ல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்கிற உயிரியல் அறிஞர் உண்டாக்கினார். ஜீன் எப்படி உடம்பிலிருந்து உடம்புக்குப் போகிறதோ, அந்த மாதிரி ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குத் தாவுகிற சங்கதிக்கு மீம் என்று பேர் வைத்தார். எங்க வீட்டில் இரண்டுமே வேலை செய்தது. அப்பாவின் மூக்கு ஜீன் வழியாக என் பையனுக்கு வந்தது. அப்பாவின் வாய் மீம் வழியாக ஊருக்குப் போனது. ஸ்டிக்கரை ஒருத்தர் அழுத்திப் பிடித்து ஸ்டார் போட்டு வைத்துக்கொண்டால் முடிந்தது, அது அவருடையது. யார் எடுத்த படம், யாருடைய அப்பா, ஒன்றும் கூட வராது. மச்சான் ஆபீசுக்குப் போயிருக்கு. அங்கிருந்து எங்கே போச்சோ?

2020-ல் லாக்டவுன் வந்தது. பேரப்பிள்ளைகளை வீடியோவில் பார்க்கட்டும் என்று தம்பி அப்பாவுக்குப் பெரிய ஃபோன் அனுப்பினான். ரிட்டயர் ஆன போக்குவரத்துக்காரர்கள் குரூப் ஒன்றில் அப்பாவைச் சேர்த்துவிட்டார்கள். ஒரு நாள் அப்பா தட்டுத் தடுமாறி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதியிருக்கிறார்: 'நாளை காலை பத்து மணிக்குக் கூட்டம், அனைவரும் வரவும், டீ வடை உண்டு.' அதற்குப் பதிலாக ஒருத்தரிடமிருந்து என்ன வந்தது தெரியுமா? அப்பா முகம். 'பக்கத்து இலைக்குப் பாயசம்!' அனுப்பியவர் வேறு ஊர்க்காரர், அப்பாவை நேரில் பார்த்ததே இல்லை. அந்த முகத்துக்குச் சொந்தக்காரருக்கே அதை அனுப்புகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. கீழே நாலைந்து பேர் அந்தக் கண்ணீர்ச் சிரிப்பு முகத்தைப் போட்டிருந்தார்கள்.

பாரதக் கதையில் துரியோதனன் வழுக்கி விழுந்தபோது ஒரு சிரிப்பு கேட்டது என்று சொல்வார்கள். அவனுக்காவது யார் சிரித்தது என்று தெரிந்தது. சண்டை போட ஒரு ஆள் இருந்தது. எங்க அப்பா யாரிடம் போய்ச் சண்டை போடுவார்?

ஒரு வார்த்தை கேட்கவில்லைங்க. யாரிடமும். ஆனால் லாக்டவுன் முடிந்து மறுபடி கல்யாணங்கள் ஆரம்பித்தபோது, அப்பா வருவார், மொய் எழுதுவார், பிள்ளைகள் தலையில் அட்சதை போடுவார், "வயிறு சரியில்ல"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிவிடுவார். ஒரு கல்யாணம், இரண்டு கல்யாணம், ஆறு கல்யாணம். டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "உங்கப்பாவுக்கு வயித்துல ஒண்ணும் இல்லத்தா. எல்லாம் அந்த ஃபோன்லதான் இருக்கு"ன்னு சொன்னாங்க.

அப்புறம் இன்னொன்றும் சொன்னாங்க. அன்னைக்குப் பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர், அப்பா கூடவே அந்த ரூட்டில் பஸ் ஓட்டின டிரைவர் மாமா. அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது. பாயசம் வாளி அவர் இலையைத் தாண்டிப் போய்விட்டது. அவரால் கூப்பிட முடியாது. அதனால் அப்பா கூப்பிட்டார். நம்ம ஊர்ப் பழமொழிக்கு என்ன அர்த்தம்னு எல்லோருக்கும் தெரியும், தனக்கு வேணும்கிறதை அடுத்தவர் பேரைச் சொல்லிக் கேட்கிறது. எங்க அப்பா அன்னைக்கு நிஜமாவே பக்கத்து இலைக்குத்தாங்க பாயசம் கேட்டார். (நீண்ட கைதட்டல்)

வேண்டாங்க, கைதட்டாதீங்க. அந்தப் படத்தில் டிரைவர் மாமாவும் இருந்தார். வெட்டும்போது அவரை வெட்டி எறிந்துவிட்டோம். ஜோக்குக்கு அவர் தேவைப்படவில்லை.

என் ஃபோனில் அழித்தேன். என் பையன் அழித்தான், தாத்தா காலைத் தொட்டு மன்னிப்பும் கேட்டான். "அட போடா, நல்லாத்தான் இருந்துச்சு, என் மீசை அழகா விழுந்திருந்துச்சு"ன்னு அப்பா சொன்னார். குடும்ப குரூப்பில் எல்லோரையும் கெஞ்சி அழிக்கச் சொன்னோம். மச்சான் ஆபீசில் சொல்லியிருக்கிறார். மீதி எத்தனை ஃபோனில் இருக்கோ, இன்னைக்கு யார் யாருக்கு அனுப்பிக்கிட்டு இருக்காங்களோ, இந்த அரங்கத்திலேயே யாரிடமாவது இருக்கோ, எனக்குத் தெரியாது.

'ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கணும்'னு எதிரணியில் மூன்று பேரும் சொன்னார்கள். நான் இதுவரைக்கும் பார்த்ததில் அந்த வசனத்தைச் சொல்கிறவர் எப்போதும் சிரித்தவராகத்தான் இருக்கிறார். படத்தில் இருக்கிறவர் சொல்லி நான் கேட்டதில்லை. எங்க அப்பா அந்த மீசைப் பேச்சைச் சொன்னாரே, அதைக்கூட ஒரு சின்னப் பையன் அழக் கூடாதேன்னு சொன்னார்.

மணி அடிச்சுட்டீங்க அய்யா, முடிச்சுடறேன், ஒரே நிமிஷம்.

போன தையில் என் பையனுக்கு அத்தை முறையாகிற ஒருத்தர் வீட்டுக் கல்யாணம். நானும் பையனும் கெஞ்சி அப்பாவைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டோம். பக்கத்து இலையில் அதே டிரைவர் மாமா. பாயசம் வந்தது, போனது. மாமா அப்பாவின் தொடையில் லேசாகத் தட்டினார். அப்பா வழக்கம்போல் கையைத் தூக்கினார், வாயைத் திறந்தார். எதிர் வரிசையில் இரண்டு சின்னப் பசங்க இலையைப் படம் எடுக்கிறதுக்காக ஃபோனை நீட்டினாங்க. அப்பா தூக்கின கையை இறக்கிட்டார். நத்தத்தில் கத்தினால் திண்டுக்கல்லில் கேட்கிற குரலுங்க அது. மெதுவாக எழுந்தார். எச்சில் கையோடு பந்தி நெடுகத் தள்ளித் தள்ளி நடந்துபோய், வாளி வைத்திருந்தவர் காதில் எதையோ சொல்லிவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தார். மாமா இலையில் பாயசம் விழுந்தது.